வேனுக்குப் பின்னாடி ஒரு ராக்

ஜெர்மனியில இருக்கிற நண்பன் ஒருத்தன் பழைய ஃபோக்ஸ்வாகன் டி4 கேம்பர்வேன் வாங்கிட்டான். பின்னாடி ராக் போட்டு நாலு சைக்கிள் மாட்டலாமான்னு கேட்டான். சும்மா இருப்பேனா, வரலாற்றை நோண்டினேன்.

1947-ல் டச்சுக்காரர் பென் பான் நோட்டுல கிறுக்கின படம்தான் இந்த வேனுக்குப் பிள்ளையார் சுழி. 1950-ல் உற்பத்தி ஆரம்பம். அடுத்த வருஷமே வெஸ்ட்பாலியா கம்பெனி உள்ளே படுக்கை, அலமாரி வச்சு அதை வீடாக்கிட்டாங்க. சரி, வெளியில? அங்கதான் சிக்கல். பீட்டில் கார் மாதிரியே இதுக்கும் எஞ்சின் பின்பக்கம். ராக் மாட்டினா எஞ்சினைத் திறக்க இடைஞ்சல். அதைவிட முக்கியம் எடை. பின் அச்சைத் தாண்டித் தொங்குற ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் கணக்கா முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் பிடி தளரும். (மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சவன் சொல்றேன், நம்புங்க :-)) கூரையில ஏத்தினாலோ வளைவுல ஆட்டம்.

1990-ல் வந்த டி4-லதான் எஞ்சின் முன்னாடி போச்சு. அப்பாடா, பின்பக்கம் ஃப்ரீன்னு பார்த்தா, இப்ப வண்டியை இழுக்கிறதே முன் சக்கரம்! பின்னாடி பாரம் ஏற ஏற, ஈரமான மேட்டுல அது வழுக்கும்.

ரெண்டு சைக்கிளை உள்ளே படுக்க வைடான்னேன். "அப்ப நான் எங்கே படுக்கிறது?"ன்னு கேட்கிறான்.