எளிதில் புலப்படுதல் (காப்புரிமைச் சட்டம்)

துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கே எட்டக்கூடிய ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை என்பது விதி. இதைக் காட்டி ஒரு கோரிக்கையைத் தள்ளுவதற்கு, முன்பே உலகில் என்ன தெரிந்திருந்தது என்று நிறுவ வேண்டும். யாருடைய அறிவு சான்றாகும் என்பதே இவ்விதியின் வரலாற்றில் பெரிய கேள்வி.

1851இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கதவுக் குமிழைக் களிமண்ணில் செய்தது கைவினைத் திறமையே தவிரக் கண்டுபிடிப்பன்று என்றது. 1952இல் இக்கொள்கை அந்நாட்டுச் சட்டத்தில் ஏறியது. பிரிட்டனில் பாய்ப்பலகைக் காப்புரிமை வழக்கு ஒன்றில், 1958இல் ஹெய்லிங் தீவில் 12 வயதுச் சிறுவன் தானே செய்து ஓட்டிய பலகை, காப்புரிமையைத் தள்ளப் போதிய சான்றாயிற்று. அவன் எதையும் எழுதி வெளியிட்டதில்லை.

மஞ்சளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 மார்ச்சில் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. வெளிநாட்டு வழக்கத்தை, அது அச்சில் இருந்தாலொழிய, அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. மலேசியாவின் தைப்பிங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்களின் தோட்ட லயத்துக் கைவைத்தியமும், தமிழ்நாட்டுப் பாட்டியின் மஞ்சள் பற்றும் அங்கே அன்று செல்லவில்லை. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 1996இல் 32 ஆவணங்களோடு மறுஆய்வு கேட்டது. பழைய சமஸ்கிருத நூலும் 1953ஆம் ஆண்டு மருத்துவ இதழ்க் கட்டுரையும் அவற்றில் அடங்கும். 1997இல் காப்புரிமையின் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. வெளிநாட்டு வழக்கத்தை ஒதுக்கிய அந்த விதி 2013 மார்ச் 16 வரை நீடித்தது.

மலேசியாவில் 1986 அக்டோபர் 1 வரை பிரிட்டிஷ் காப்புரிமையைப் பதிவு செய்வதே வழி. அன்று நடப்புக்கு வந்த 1983ஆம் ஆண்டுச் சட்டம் விரிந்த மனத்தோடு எழுதப்பட்டது: உலகின் எந்த மூலையிலும் எழுத்து, பேச்சு, பயன்பாடு என எவ்வழியில் வெளியானதும் முன்னறிவே (பிரிவு 14). புலப்படுதலை அதைக் கொண்டே அளக்க வேண்டும் (பிரிவு 15). லயத்து மஞ்சளுக்கும் இதில் இடமுண்டு. ஆனால் எங்கே, எப்போது, எப்படிப் பயன்பட்டது என்று சாட்சியம் வேண்டும்.

இந்தியா 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றுள்ளன. அது தொகுப்பது நூலில் உள்ளதை மட்டுமே. வாய்வழி வந்த தோட்டத்து வைத்தியம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.