ஜெர்சித் தீவின் இருட்டு

'தி அதர்ஸ்' (2001) பார்த்தவர்களுக்கு அந்தத் திரைச்சீலைகள் மறந்திருக்காது. பிள்ளைகளுக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது என்பது அம்மா கிரேஸின் சட்டம். பேயைவிட என்னைப் பயமுறுத்தியது, கதை நடக்கும் ஜெர்சித் தீவும் 1945ஆம் வருஷமும்தான்.

1940 ஜூனில் பிரிட்டன் தன் படைகளைத் தீவிலிருந்து விலக்கிக்கொண்டது. ஜூலையில் ஜெர்மானியர் வந்திறங்கினார்கள்; 1942இல் ரேடியோக்களைப் பிடுங்கினார்கள். 1944இல் நார்மண்டி நேச நாடுகளின் கைக்குப் போனதும் சரக்கு வரும் வழி அடைபட்டது. ஒரே பசி. டிசம்பர் கடைசியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் 'வேகா' கப்பல் உணவுப் பொட்டலங்களோடு வந்தது. குளிர்காலம் முடியுமுன் கரண்டும் போயிற்று.

இயக்குநர் அமெனாபார் இதையெல்லாம் காட்டவில்லை. படம் எடுத்ததே ஸ்பெயினில்தானே! புது வேலைக்காரர்களிடம் கிரேஸ் போகிறபோக்கில் சொல்வாள்: ஜெர்மன்காரர்கள் அடிக்கடி கரண்டை நிறுத்தினார்கள், அது இல்லாமலே இருக்கப் பழகிவிட்டோம் என்று.