அண்ணன் காலத்தில் இல்லாத படம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, 1980களில் என்னிடம் வரலாறு படித்த பையன்கள் படிக்க வேண்டும். பையன்கள் என்கிறேன், உங்களில் பலர் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள்.

உறவினர்களுக்கு என் பெரியண்ணனை நினைவிருக்கும். 1994ல் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டார். அதன்பிறகு கல்யாணம், காதுகுத்து எதிலும் அவரைப் பார்க்க முடியவில்லை. தலைக்கனம் என்று சிலர் பேசினீர்கள். என் மகள் கல்யாணத்துக்கும் வராதபோது நானே கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அவருக்கு வந்திருந்தது புராஸ்டேட் புற்றுநோய். ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றியது, இன்னும் 17 வருடம் இருந்தார். ஆனால் சிறுநீரை அடக்கும் சக்தி போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்தால் வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டோடு இருந்துவிட்டார். அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “இனிமேலாவது தெரியட்டும் தம்பி” என்றார்.

போன வருடம் அதே நோய் எனக்கும் வந்தது. அதே ஆபரேஷன் நடந்தது. ஆனால் அண்ணன் பட்ட பாடு நான் படவில்லை. இடையில் என்ன மாறியது என்று தேடிப் படித்தேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. அதன் நடுவே சிறுநீர்க் குழாய் போகிறது. சுரப்பியின் கீழ்முனையை ஒட்டி, சிறுநீரை அடக்கும் தசை. இரண்டு பக்கமும் உறையை ஒட்டியபடி, ஆண்மைக்குக் காரணமான மெல்லிய நரம்புகள். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் குழாயையும் மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். இத்தனையும் இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஆழத்தில்.

புற்றுநோய்க்காக இந்தச் சுரப்பியை முழுதாக எடுக்கும் சிகிச்சையை 1904ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். 1945ல் லண்டனில் டெரன்ஸ் மில்லின், அடிவயிற்றைத் திறந்து சுரப்பியை அணுகும் வழியை விவரித்தார். அதன்பிறகும் பல்லாண்டுகள் இது ரத்த வெள்ளத்தில் செய்யும் ஆபரேஷனாகவே இருந்தது. கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. பிழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்மையை இழந்தார்கள், பலர் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் இழந்தார்கள். நரம்புகள் சுரப்பிக்குள்ளேயே ஓடுவதால் இதைத் தவிர்க்க முடியாது என்று மருத்துவர்கள் நம்பினார்கள்.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேட்ரிக் வால்ஷ் என்ற மருத்துவர், முதலில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வழி கண்டார். பிறகு, 1977ல், அவர் ஆபரேஷன் செய்த ஒருவர் தனக்குத் தாம்பத்தியத்தில் குறை எதுவும் இல்லை என்று சொன்னார். நரம்பு சுரப்பிக்குள் ஓடினால் இது எப்படி நடக்கும்? அந்தக் கேள்வியை வால்ஷ் விடவில்லை. 1981ல் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனபோது, ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். டோங்கர், இறந்து பிறந்த ஒரு சிசுவின் உடலில் நரம்புகளைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து தேடியபோது உண்மை தெரிந்தது. நரம்புகள் சுரப்பிக்கு வெளியே, உறைக்கு அப்பால் ஓடின. 1982 ஏப்ரல் 26 அன்று, அந்த நரம்புகளைத் தெரிந்தே காப்பாற்றிய முதல் ஆபரேஷனை வால்ஷ் செய்தார்.

பிள்ளைகளே, வேலை செய்வதை நிறுத்தாத ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் இல்லாவிட்டால் இது இன்னும் தாமதமாகியிருக்கும். என்னை வீட்டில் சும்மா இருக்கச் சொல்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்!

ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்தது. புற்றுநோய் உறையைத் தாண்டியிருந்தால், அது முதலில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அந்த நரம்புப் பகுதிதான். நரம்பை விட்டால் நோய் மிஞ்சலாம், நரம்பை எடுத்தால் வாழ்க்கை குறைபடும். யாருக்கு, எந்தப் பக்கம் விடலாம்? மருத்துவர் கையில் இருந்தவை விரல் பரிசோதனை, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி ஆகிய மூன்றும்தான். 1993ல் ஆலன் பார்ட்டின் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாய்ப்பு அட்டவணை தயாரித்தார். உங்களைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் உறை தாண்டியிருக்கும் என்று அது சொல்லும். உங்களுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது.

அதைச் சொல்ல வந்ததுதான் எம்.ஆர்.ஐ. நம் உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள் போன்றவை. வலுவான காந்தப் புலத்தில் அவற்றை வைத்து ரேடியோ அலையால் தட்டினால், பழைய நிலைக்குத் திரும்பும்போது சமிக்ஞை தரும். அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன், புற்றுக்கட்டியின் சமிக்ஞை மற்ற திசுக்களிலிருந்து வேறுபடுகிறது என்று 1971ல் எழுதினார். அந்தச் சமிக்ஞையைப் படமாக்கும் வழியை 1973ல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். அந்தக் கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் முதலில் நிராகரித்தது! 1977 ஜூலை 3 அன்று டமாடியன் குழு மனித உடலைப் படம் எடுத்தது. முதலில் டமாடியன் தானே உள்ளே உட்கார்ந்து பார்த்தார், உடம்பு பருமனாக இருந்ததால் சரிவரவில்லை. ஒல்லியான ஒரு மாணவரை உட்கார வைத்தார்கள். நெஞ்சின் ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது. 2003ல் லாட்டர்பருக்கும் பிரிட்டனின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியனுக்குக் கிடைக்கவில்லை. அவர் தரப்பு செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கண்டித்தது.

1980களிலேயே புராஸ்டேட்டை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கத் தொடங்கினார்கள். படம் தெளிவில்லாததால், ஆசனவாய் வழியே ஒரு சிறு சுருளைச் செருகி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு காந்தங்கள் வலுவாயின. நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று காட்டும் முறையும் வந்தது. புற்றுநோய்ச் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் அங்கே நீர் நகர இடம் குறைவு. அந்த இடம் தனியாகத் தெரிந்துவிடும். 2012ல், படத்தை ஒரே அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறையை ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்தார்கள்.

முன்பெல்லாம் பயாப்ஸி முதலில், ஸ்கேன் பிறகு. பயாப்ஸியில் கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும் என்பதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 576 பேரிடம் நடந்து 2017ல் வெளியான ‘புராமிஸ்’ ஆய்வும், 500 பேரிடம் நடந்து 2018ல் வெளியான ‘பிரிசிஷன்’ ஆய்வும் அந்த வரிசையை மாற்றின. முதலில் படம், பிறகு படம் காட்டிய இடத்தில் ஊசி. இரண்டாவது ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் காசிவிஸ்வநாதன். லண்டனிலிருந்து வந்த கட்டுரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ என் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தது போல இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கும் முதலில் எம்.ஆர்.ஐ.தான். மருத்துவர் திரையில் காட்டினார். வலது பக்கம் ஒரு கருநிழல், உறையை ஒட்டி, ஒரு முனையில் வெளியே பிதுங்கினாற்போல. இடது பக்கம் உறை சுத்தமாக இருந்தது. “வலது நரம்பை விட முடியாது சார், இடதை விட்டுவிடலாம்” என்றார். அடக்கும் தசை சூழ்ந்த குழாய்ப் பகுதியின் நீளத்தையும் அளந்தார். அது நீளமாக இருந்தால் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு அதிகமாம். ஆபரேஷனை ரோபோ கருவியில் செய்தார்கள். அதில் மருத்துவரின் விரல் திசுவைத் தொட்டு உணர வழியில்லை என்பதால், முன்கூட்டியே கையில் உள்ள படம் இன்னும் முக்கியமாகிறது.

படம் எல்லாம் அறியும் என்று எண்ணிவிடாதீர்கள். எடுத்த சுரப்பியைச் சோதித்தபோது வலது பக்கம் படம் சொன்னபடியே இருந்தது. இடது பக்கம், படத்தில் தெரியாத ஒரு சிறு புள்ளியும் இருந்தது. நல்லவேளை, உறைக்கு உள்ளேயே. அண்ணனுக்கு இந்தப் படம் எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லமாட்டேன். அவருக்கு ஆபரேஷன் செய்தவர் அன்று கையில் இருந்ததை வைத்து நல்லபடியாகத்தான் செய்தார். அட்லஸ் இல்லாமல் என் வகுப்புக்கு வந்தால் வெளியே நிற்க வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? பாவம், அவரிடம் அட்லஸ் இல்லை.

எனக்கு மூன்று மாதம் பேட் தேவைப்பட்டது. இப்போது இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து இலையில் அண்ணன் இல்லையே என்று தொண்டை அடைத்தது.

ஐம்பதைத் தாண்டிய பிள்ளைகளே, வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் எல்லாம் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் என்றாலும் எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டியதில்லை. கத்தி வேண்டும் என்றால், “படத்தில் என்ன தெரிகிறது, எந்த நரம்பை விடுவீர்கள்?” என்று கேளுங்கள். மனைவியிடமும் சொல்லுங்கள். விசேஷத்துக்கு வராத ஒரு பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், கோபித்துக்கொள்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்