தனிமங்களுக்குத் தமிழ்ப் பெயர்

குளுவாங், சிகாமட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள், அறிவியல் நூலைத் தொடுமுன்பே அறிவியலைக் கண்டவர்கள். மங்கில் வடிந்து வாளியில் சேர்ந்த பால், தொட்டியில் ஃபார்மிக் அமிலம் கலந்ததும் கட்டியாக உறைந்தது. அமிலத்தின் பெயரோ எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆயினும், பாலின் உறைதல் நீர் பனிக்கட்டியாவது போன்றதன்று. நீர்மத்தில் மிதந்த நுண்துகள்கள் ஒட்டித் திரள்வதாகும். இவ்வேறுபாட்டை எம்மொழியில் உரைத்தால் அப்பிள்ளைக்கு விளங்கும்?

இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்டவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணி நாடி அகன்றனர். சிற்றூர்களுக்கு மருத்துவர் இலர். ஆகவே 1860களில் வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார். நூல்கள் இல்லாமையால் தாமும் மாணவருமாக மொழிபெயர்த்தனர். 1875இல் அவரது வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரில் வெளிவந்தது. அப்பெயரைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். கலைச்சொல் இல்லையெனப் பாடத்தை அவர் நிறுத்தவில்லை.

பின்னர் 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கென ஓர் இதழே நடத்தினர். ஒரே தனிமம் பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன், இலங்கையில் ஒட்சிசன் எனப் பல பெயர் பெற்றது. தமிழாக்கச் சொற்கள் துல்லியமற்றவை என்பார் உளர். ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலம் பிறப்பிப்பது' என்பதே பொருள். உயிர்வளி அறவே இல்லாத ஐதரோகுளோரிக் அமிலமோ அப்பெயரைப் பொய்யாக்குகிறது! குறியீடு மட்டும் எங்கும் ஒன்றே.

உயிரியலில் நமக்கு இத்தடுமாற்றம் குறைவு. நத்தைக்கு ஈரறிவு, எறும்புக்கு மூவறிவு, நண்டுக்கு நாலறிவு எனப் புலன்வழி வகுத்த தொல்காப்பிய மரபியலை ஆசிரியர் அறிவர். முதுகெலும்பின் வழி வகுக்கும் இன்றைய முறை வேறு. எனினும், வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

மலேசியாவில் 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. தமிழ்ப் பள்ளிகளும் விலக்கன்று. அத்திட்டத்தைக் கைவிட 2009இல் அரசு முடிவு செய்தது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியதும் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. ஜொகூர்த் தமிழ்ப் பள்ளியில் 'உயிர்வளி' என்று படித்த மாணவன், இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியின் 'ஒக்சிஜென்' என்னும் சொல்லைச் சந்திக்கிறான். ஆறாம் ஆண்டின் இறுதிக்குள் இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டும் ஆசிரியர்கள் இருக்கின்றனர். ஒரு நிமிட வேலைதான் அது.