வரலாற்றுப் பரீட்சையும் நவம்பர் ஒன்றாம் தேதியும்

என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் வரலாற்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், திடீரென்று நின்று கேட்டாள்: "தாத்தா, நம்ம ஊருக்கு மட்டும் ஏன் மூணு நாள் லீவு? ஆகஸ்ட் 15 சரி. ஆகஸ்ட் 16 எதுக்கு? நவம்பர் 1 எதுக்கு?"

அவள் நோட்டில் புதுச்சேரியைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: 1954-இல் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு இதே கேள்வியோடுதான் நானும் ஒரு வரலாற்றுப் பரீட்சைக்குத் தயாரானேன். என் புத்தகத்தில் அந்த ஒரு வரிகூட இல்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1970-இல் பக்கலோரேயா எழுதினேன். பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சை அது. பிரான்சில் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையை இங்கே உட்கார்ந்து நாங்களும் எழுதினோம். வரலாற்றில் "இது எந்த ஆண்டு, அது யார்" என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரு பொருளைக் கொடுத்து, அதைப் பற்றி முன்னுரை, வாதம், முடிவுரையோடு கட்டுரை எழுதச் சொல்வார்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டினால் மதிப்பெண் கிடையாது. ஏன் நடந்தது, எதனால் எது வந்தது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். மதிப்பெண் இருபதுக்கு. பன்னிரண்டு வாங்கினாலே வீட்டில் பாயசம் வைக்கலாம்.

கீழ் வகுப்புகளில் மாலே-இசாக் புத்தகங்களைப் படித்தோம். எனக்கு முன் மூன்று பேர் படித்துக் கைமாறிய பிரதி. கடைசி வகுப்பில் பாடம் 1914-க்குப் பிந்தைய உலகம்: முதல் உலகப் போர், ருஷ்யப் புரட்சி, 1929 பொருளாதார நெருக்கடி, ஹிட்லர், இரண்டாம் போர், குடியேற்ற நாடுகளின் விடுதலை. இதை எப்படி நினைவில் வைப்பது? எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அட்டை. அதன் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவுக்கு மட்டும் எழுது, மீதியை மறந்துவிடு என்றார். அவர் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்க மாட்டார். ராணுவ சேவைக்குப் பதிலாக வெளிநாட்டில் பாடம் நடத்த வந்த பிரெஞ்சுக்காரர். நாங்கள் "முசியே" என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா மேரியில் எழுத்தர். பழைய படிவங்களின் தடித்த தாள்களை அளவாக வெட்டி, ஊசி நூலால் கட்டி, நூறு அட்டை கொடுத்தார். முன்பக்கம் பாடம். பின்பக்கத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். அதில் எழுத ஆரம்பித்தது ஒரு தற்செயல்.

ஒருநாள் 1936 அட்டையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி. லெயோன் ப்ளூம் பிரதமர். ஜூன் மாதம் மாத்தின்யோன் ஒப்பந்தம். தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை, இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரிய மாமாவுக்குப் பிரெஞ்சு ஓரளவு புரியும். அவர் சவானா மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். "எந்த வருஷம்னு சொன்னே?" என்றார். சொன்னேன். "ஜூலை முப்பது எழுதியிருக்கா?" என்றார். இல்லை என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

1936 ஜூலை 30. மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை நம் ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பாரிசில் தொழிலாளியின் தோழனாக இருந்த அதே அரசின் ஆட்சிக்குள்தான் நம் ஊரும் இருந்தது. அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கம் அந்தத் தேதியை எழுதினேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது: முன்பக்கம் பாடம், பின்பக்கம் ஊர்.

சிக்கல் வந்தது 1954 அட்டையில்.

முன்பக்கத்தில் எழுதியிருந்தேன்: மே 7, தியென் பியென் பூ கோட்டை வீழ்ச்சி. ஜூன், மாந்தேஸ் பிரான்ஸ் பிரதமர் ஆகிறார். ஜூலை, ஜெனீவா ஒப்பந்தம், இந்தோசீனப் போர் முடிவு. நவம்பர் 1, அல்ஜீரியப் போர் தொடக்கம். பின்பக்கத்தில் என்ன எழுதுவது? நவம்பர் 1. எனக்கு அப்போது மூன்று வயது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனாராம். பிரெஞ்சுக் கொடி இறங்கி, இந்தியக் கொடி ஏறிய நாள்.

ஒரே நாள்! எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்து வந்த மாதிரித் தேர்வில் குடியேற்ற நாடுகளின் விடுதலைதான் கட்டுரைப் பொருள். பேனா பறந்தது. "பிரான்சு புதுச்சேரியை விட்டுக்கொடுத்ததைப் பார்த்துத்தான் அதே நாளில் அல்ஜீரியா கிளர்ந்தெழுந்தது" என்று முடித்தேன்.

இருபதுக்கு ஒன்பது வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் முசியே எழுதியிருந்தார்: ஒரே நாளில் நடந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது, இணைப்பைக் காட்டு.

கோபம் வந்தது. ஊர்க்காரன் எழுதியது வெள்ளைக்காரருக்குப் பிடிக்கவில்லை என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூன்று வாரம், வகுப்பு முடிந்ததும் ரங்கப்பிள்ளை வீதியில் இருந்த நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே கிடைத்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் தேதி வரிசையில் அடுக்கினேன்.

அக்டோபர் 18: கீழூரில் வாக்கெடுப்பு. சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சிப் பிரதிநிதிகளுமாக 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அக்டோபர் 21: டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1: ஆட்சி கைமாறியது. ஆக, நம் ஊரின் தேதி முன்பே குறிக்கப்பட்டது. அல்ஜீரியாவிலோ ஆறு பேர் ரகசியமாகக் கூடி, அதே அக்டோபரில் தங்கள் நாளைத் தனியாகக் குறித்தார்கள். அது கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாள். நம்மைப் பார்த்து அவர்கள் குறிக்கவில்லை. நாள் ஒன்றானது தற்செயல். முசியே சொன்னது சரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டு பாதைகளையும் பின்னோக்கி நடத்திக்கொண்டு போனால் ஒரே இடத்தில் சேர்கின்றன: தியென் பியென் பூ. அங்கே தோற்ற பிறகுதான், தூரத்து நிலங்களைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பாரிசில் வலுத்தது. அதே தோல்விதான், பிரெஞ்சு ராணுவத்தையும் வீழ்த்த முடியும் என்ற தைரியத்தை அல்ஜீரியர்களுக்குக் கொடுத்தது. ஒரு வேர், இரண்டு கிளை. ஒரு கிளையில் கையெழுத்து. மறு கிளையில் எட்டு வருடப் போர், லட்சக்கணக்கில் சாவு.

அந்த எட்டு வருடத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1954-இல் நடந்தது ஆட்சி மாற்றம் மட்டும்தான். சட்டப்படி நிலத்தைக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றால்தான் செல்லும். ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடக்கும்போது ஒரு பிரெஞ்சு நிலத்தைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால், அது அங்கேயும் முன்மாதிரி ஆகிவிடுமே! 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஜூலையில் நம் ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16-இல் அது அமலுக்கு வந்தது. 1954-இல் நாள் ஒன்றானது தற்செயல்; 1962-இல் காலம் ஒன்றானது தற்செயல் இல்லை. நான் தப்பான முனையில் இணைப்பைத் தேடியிருக்கிறேன்.

இதைப் புரிந்துகொண்ட இரவு அப்பாவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு நான், பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நீங்க ஏம்பா கையெழுத்துப் போடல?"

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதம் கெடு. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் அன்றோடு இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு. சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பா சைகோனில் சொல்தாவாக இருந்தவர். வெளிநாட்டில் இருந்ததால் அவருக்குக் குடியுரிமை அப்படியே நின்றது. அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. 1970-இல் என்னோடு படித்தவர்கள் கப்பல், விமானம் என்று பிரான்சுப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த ஒரு கையெழுத்து எனக்கு முள்ளாகக் குத்தும்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கீழூர்ல 178 பேரைக் கேட்டாங்க. என்னைக் கேட்கல. அதுக்கப்புறம் எட்டு வருஷம், நீ எந்த நாடுன்னு யாரும் கேட்கல. திடீர்னு ஆறு மாசத்துல சொல்லுன்னாங்க, அதுவும் பிள்ளைங்களுக்கும் சேர்த்து. உங்க பாட்டி அப்ப படுத்த படுக்கை. அண்ணன் அங்க, நானும் அங்கயா? மேரி வேலை நிக்குமா போகுமான்னு யாரைக் கேட்டாலும் ஒண்ணொண்ணு சொன்னாங்க. படிவம் வாங்கி வந்தேன்டா. பேரெல்லாம் எழுதினேன். தேதி தாண்டிப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தாரா, முடிவு செய்ய முடியாமல் போயிற்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அன்று இரவு அட்டையைத் திருப்பி அதை எழுதப் பார்த்தேன். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று புரியவில்லை. விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதி முசியேயிடம் கொடுத்தேன். மதிப்பெண் போடவில்லை. "இப்போது இது வரலாறு" என்று மட்டும் சொன்னார். ஜூனில் பரீட்சை வந்தது. புதுச்சேரியும் வரவில்லை, அல்ஜீரியாவும் வரவில்லை. 1929 நெருக்கடியைப் பற்றி எழுதித் தேறினேன். பாயசம் வைத்தார்கள். பிறகு புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் படித்துச் சொல்லும் வேலை என் மேசைக்கு வரும். பாட்டனார் கையெழுத்துப் போட்டாரா, பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா என்று தேடி வந்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஆறு மாதம் அறுபது வருடத்துக்கும் நீண்டுவிட்டது.

பேத்திக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகஸ்ட் 15 நாட்டுக்கு. நவம்பர் 1 ஆட்சி மாறியதற்கு. ஆகஸ்ட் 16 சட்டப்படி நாம் இந்தியராக ஆனதற்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எட்டு வருடத்துக்குக் காரணம் அல்ஜீரியா. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது பரீட்சைக்கு வருமா தாத்தா?" என்றாள். வராது என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 1954, 1962 என்று எழுதி நடுவில் ஒரு கோடு போட்டாள்.

அப்பா காலமான பிறகு அவர் பெட்டியில் அந்தப் படிவம் கிடைத்தது. பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் அவருடைய அழகான சாய்ந்த கையெழுத்தில். என் பெயரும் இருக்கிறது. கீழே கையொப்பம் இடும் இடம் மட்டும் காலி.

உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படி ஏதாவது காகிதம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் திருப்பி, அது யாருடையது, எந்த வருடத்துக் கதை என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.