கணினித் திரையில் தாய்மொழி

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயில் பாதையில் கசார்வாடி என்றொரு சிறு நிலையம் உண்டு. அதன் பெயர்ப் பலகையில் தமிழ் இல்லை. இருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதும் முறையன்று. கடைவீதியில் மராத்தி, அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்று பகுத்துக்கொண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. தமிழுக்கு எஞ்சி நிற்பது வீடு ஒன்றே. அவ்வீட்டிலும் மேசைமேல் இருந்த கணினி நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே எம்முடன் உரையாடி வந்தது. அதன் மொழியைத் தமிழாக மாற்ற ஒரு மாலைப்பொழுதில் சில நிமிடங்களே போதுமாயிருந்தன. ஆனால் அச்சில நிமிடங்களுக்குப் பின்னால் பல ஆண்டுகளின் உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நாம் குடியிருக்கும் இப்புணேயிலேயே நிகழ்ந்தது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வகுத்தாக வேண்டும். இந்திய எழுத்துகளுக்கு இப்பணியைச் செய்த முன்னோடிகள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர். அங்கே உருவான 'ஜிஸ்ட்' என்னும் நுட்பம், 1988இல் புணேயில் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையத்தில் மேலும் வளர்ந்தது. அன்றைய கணினியினுள் ஜிஸ்ட் அட்டை ஒன்றைப் பொருத்தினால், ஆங்கிலம் மட்டுமே அறிந்த திரையில் தமிழும் தேவநாகரியும் தோன்றின. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறையைத் தேசியத் தரமாக ஏற்றது.

பிராமியிலிருந்து பிறந்த எழுத்துகள் யாவும் ஒரே வரிசை உடையவை என்பது இஸ்கியின் அடிப்படை. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு, அதே 1991இல் வெளிவந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு அவ்வமைப்பையே தழுவிக்கொண்டது. அதனால் விளைந்தவற்றை இன்றும் காணலாம். தமிழுக்குரிய அட்டவணையில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிற மொழிகளில் உள்ள வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் அவை. மேலும், அங்கே 'ந'வை அடுத்து 'ன', 'ர'வை அடுத்து 'ற', 'வ'வுக்கு முன்னரே 'ள', 'ழ' என எழுத்துகள் நிற்கின்றன. வெறும் எண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் நம் அகராதி முறை பிறழ்ந்துவிடும். அதனைச் சரிசெய்யும் வரிசை விதிகளைத் தனியே வகுக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே தமிழுலகில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்னும் நிலை தோன்றிற்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் கணினியில் படிக்க இயலவில்லை. இக்குழப்பம் நீங்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் அறிஞர்கள் கூடினர். சென்னை மாநாட்டின் பயனாகப் பொது விசைப்பலகையாகத் 'தமிழ்99' அமைந்தது. 2000இல் வந்த விண்டோஸ் 2000 தமிழை யூனிகோடு முறையில் ஏற்றது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தமிழ் இடைமுகப் பொதி கிடைத்தது. லினக்சின் திரைச் சூழல்களைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழாக்கினர். 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

மொழியை மாற்ற விழைவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். திரையின் மொழி வேறு. வட்டார அமைப்பு வேறு. முன்னது பொத்தான்களும் பட்டிகளும் எம்மொழியில் தோன்றும் என்பதைத் தீர்மானிக்கும். பின்னது தேதி, நேரம், நாணயம், எண்களைப் பிரிக்கும் முறை ஆகியவற்றைத் தீர்மானிக்கும். எம் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்த காலத்தில், எம் அன்னையார் ஊரிலிருந்து வரும் நாளை 5/6 எனக் குறித்து வைத்தோம். நாம் கருதியது ஜூன் 5. கணினி கொண்டதோ மே 6. நினைவூட்டல் ஒரு மாதம் முந்தி வந்தது. உரிய நாளில் வரவில்லை. அன்னையார் ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. வட்டாரத்தை இந்தியா என மாற்றிய பின்னர் நாள் முன்னும் மாதம் பின்னுமாயின. பத்து இலட்சம் 10,00,000 என நம் வழக்கப்படி காற்புள்ளி பெற்றது. 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியும் வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்குத் தமிழ்த் திரையின் குறைகள் கண்ணில் படாமலில்லை. 'சேமி' என்று ஓரிடத்தில் ஏவுகிறது. 'சேமிக்க' என்று மற்றோரிடத்தில் பணிகிறது. சில தொடர்கள் ஆங்கிலத்தின் நிழலாகவே உள்ளன. இவற்றைக் கண்டு சலித்து மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்புவோர் பலர். முதல் வாரத்தில் நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் 'கோப்பு' என்னும் சொல் அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கியதால் அன்றோ இயல்பாயிற்று? புழங்காத சொல் என்றும் புதிதாகவே இருக்கும். குறை கண்டவிடத்து நல்ல சொல்லை எழுதி அனுப்பவும் வழியுண்டு. பொது உரிமை மென்பொருள்களில் விரும்புவோர் தாமே திருத்தவும் இயலும்.

எம்மை ஆங்கிலத்துக்குத் திரும்பவிடாமல் தடுத்தவள் எம் மகள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். பாடநூலை எடுத்து அமர்ந்தால் ஓடிவிடுவாள். ஆனால் தான் விரும்பும் படத்தைக் காணத் 'திற' என்பதை அழுத்தியே ஆக வேண்டும் என்றானபின், பாட்டியாரை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டாள். 'திற', 'மூடு', 'தேடு', 'நீக்கு' என்பவையே அவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதற்சொற்கள். கணினியைத் தொட்டறியாத பாட்டியார் அவளுக்கு ஆசிரியரானார். பேத்தி அவருக்குக் கணினி ஆசிரியையானாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தெருவின் மொழியையோ அலுவலகத்தின் மொழியையோ மாற்றும் உரிமை இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. வீட்டு மேசையிலுள்ள திரையின் மொழி மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை ஒரு மாத காலம் தமிழாக வைத்துப் பாருங்கள் என்பதே நேயர்களிடம் எம் வேண்டுகோள்.