ராணித் தேனீயும் பால்சா மரமும்



இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்கு மேல் ஒரு ட்ரோன் ரீங்காரம் போடுகிறது. ட்ரோன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்று பொருள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடினால், மரமும் துணியும் கொண்டு கட்டிய, ஆள் இல்லாமல் பறந்த ஓர் இரட்டை இறக்கை விமானத்தில் போய் நிற்கிறோம். அதன் பெயர் ராணித் தேனீ, அதாவது ‘குவீன் பீ’. பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் கடற்படைகளுக்குள் ஒரு பெரிய வாக்குவாதம் எழுந்தது. விமானம் வந்தால் போர்க்கப்பல் தப்புமா? எங்கள் பீரங்கிகள் அதைச் சுட்டு வீழ்த்திவிடும் என்றார்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். அதைச் சோதித்துப் பார்க்க, நிஜமாகவே பறக்கும் இலக்கு வேண்டும். ஆனால் உள்ளே ஆளை உட்காரவைத்துக்கொண்டு எப்படிச் சுடுவது? அதனால் ஃபேரி 3எஃப் என்ற விமானம் மூன்றை வானொலியால் இயங்கும்படி மாற்றி, ‘ஃபேரி குவீன்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டும் ஏவியவுடனே விழுந்தன. மூன்றாவது பறந்தது. 1933 ஜனவரியில் அதை வைத்து ஒத்திகை நடந்தது. கப்பல்கள் இரண்டு மணி நேரம் சுட்டும் ஒரு குண்டுகூடப் படவில்லை. மே மாதம் மால்டா அருகே ஷ்ராப்ஷயர் என்ற கப்பல்தான் கடைசியில் அதை வீழ்த்தியது.

பீரங்கிக்காரர்களுக்கு இன்னும் நிறையப் பயிற்சி தேவை என்று புரிந்தது. அதற்கு நிறைய இலக்குகள் வேண்டும், அவை மலிவாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் டி ஹாவிலண்ட் நிறுவனம் வருகிறது. 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலில் பறந்த அவர்களுடைய ‘டைகர் மாத்’ அப்போதே புகழ்பெற்ற பயிற்சி விமானம். அதன் உடல் எஃகுக் குழாய்களால் ஆனது. சுட்டுத் தள்ளப்போகிற விமானத்துக்கு எஃகு எதற்கு? டைகர் மாத்தின் இறக்கைகளை எடுத்து, ‘மாத் மேஜர்’ என்ற இன்னொரு விமானத்தின் மர உடலில் பூட்டினார்கள். ஸ்ப்ரூஸ் மரம், பிளைவுட், துணி, அவ்வளவுதான். மரம் என்பதால் கடலில் விழுந்தாலும் மிதக்கும், மீட்டுக்கொண்டு வரலாம். 1935இல் குவீன் பீ பறந்தது. பிறகு சுமார் 400 விமானங்கள் கட்டப்பட்டன.

அதை இயக்கிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தரையில் இருப்பவர் கையில் பழைய டெலிபோனில் இருக்குமே, எண் சுழற்றும் வட்டு, அதே மாதிரி ஒன்று இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கட்டளை: இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, ஏறு, இறங்கு. விமானத்தின் பின் இருக்கையில் வானொலிப் பெட்டி. அது காற்றழுத்தத்தால் வாலில் உள்ள சுக்கானையும் உயர்த்தியையும் அசைக்கும். இறக்கையில் உள்ள அய்லரான்களை நடுநிலையில் அசையாமல் பூட்டிவிட்டார்கள். இரண்டே கட்டுப்பாடுகளில் ஒரு முழு விமானம்! தரையிறங்குவதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கீழே தொங்கும் ஏரியல் கம்பியின் நுனியில் ஒரு எடை. அது தரையைத் தொட்டதும் உயர்த்தி தானாக மேலே போகும், எஞ்சின் அணையும். மூக்கு நிமிர்ந்து விமானம் அமரும்.

1941 ஜூன் 6 அன்று, போருக்கு நடுவில், சர்ச்சில் ஒரு குவீன் பீ ஏவப்படுவதைப் பார்க்க வந்து நிற்கும் புகைப்படம் இருக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

1935இல் இந்த விமானத்தைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்டாண்ட்லி, நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். அந்த வேலையை ஏற்ற டெல்மர் ஃபார்னி, ராணித் தேனீக்கு மரியாதையாகத் தம் விமானத்துக்கு ஆண் தேனீ என்று பெயர் வைத்தார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. இன்று செய்தியில் அந்தச் சொல் வந்தால் கூடவே செத்தவர்களின் எண்ணிக்கையும் வருகிறது. ராணித் தேனீ பிறந்தது சுடுவதற்காக அல்ல, சுடப்படுவதற்காக. இலக்கில் மனிதர் யாரும் இருக்கக்கூடாது என்பதுதான் அதன் முழு நோக்கமும். சொல் அப்படியே இருக்க, பொருள் தலைகீழாகிவிட்டது.

சரி, பால்சாவுக்கு வருவோம்.

ராணுவம் இதைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் எட்டடி இறக்கை கொண்ட ஒரு மாதிரி விமானத்தை வானொலியால் பறக்கவிட்டார்கள். 1937இல். ‘கஃப்’ என்று பெயர். இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காக வானொலி விமானம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அந்த இருவரும் மூத்தவர்கள்.

இன்றும் உலகம் முழுவதும் டைகர் மாத்தையும் குவீன் பீயையும் வரைபடம் பார்த்து, கடையில் பெட்டியாக வாங்காமல், ஒவ்வொரு துண்டாக வெட்டிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 29 அடி 4 அங்குலம். கால் பங்கு அளவில் கட்டினால் 88 அங்குலம். நீங்களே வகுத்துப் பாருங்கள்!

வரைபடத்தை மேசையில் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே மெழுகுத்தாள் போட்டு, அதன் மேலேயே இறக்கையைக் கட்டுவார்கள். இறக்கைக்குள் இருக்கும் விலா எலும்பு போன்ற துண்டுகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். அதற்காக பால்சாத் துண்டுகளை அடுக்கி, இரண்டு பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே இறுக்கி, மொத்தமாக ஒரே தடவையில் செதுக்குவார்கள். பால்சா ஈக்வடார் பக்கத்து மரம். நம் இலவ மரத்தின் குடும்பம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். ஆனாலும் தாவரவியல் கணக்கில் அது வன்மரம்! (தேர்வில் கேட்டால் எத்தனை பேர் தப்பாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.) போர்க்காலத்தில் இதே டி ஹாவிலண்ட் நிறுவனம் ‘மாஸ்கிட்டோ’ விமானத்தின் உடலுக்குப் பால்சாவைப் பயன்படுத்தியது.

இரட்டை இறக்கை ஏன் கடினம் என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு பாகை பிசகினாலும் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். டைகர் மாத்தில் இன்னொரு சிக்கல், இறக்கைகள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அது அழகுக்காக இல்லை. முன் இருக்கையில் இருக்கும் பயிற்றுநர் பாராசூட்டோடு வெளியே குதிக்க மேல் இறக்கை தடையாக இருந்தது. அதனால் அதன் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். தள்ளியதால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். கட்டுகிறவர் இந்தச் சாய்வை அலட்சியம் செய்தால் அது டைகர் மாத் ஆகாது.

அப்புறம் எடை. மூக்கு குட்டை, வால் நீளம். பத்தாம் வகுப்பில் நடத்திய திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் அதைப்போலப் பல மடங்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும். அதனால் அனுபவசாலிகள் வால் பகுதிக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, இருப்பதிலேயே லேசானதை எடுப்பார்கள். மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, பின்பாரமான விமானத்தை அவசரப்பட்டு ஏவினால் எல்லாம் அரை நிமிடத்தில் விறகு.

அளவு மாதிரி கட்டுகிறவர்கள் இருக்கையில் ஒரு விமானி பொம்மையையும் வைப்பது வழக்கம். தோல் தொப்பி, கண்ணாடி, கழுத்தில் துணி எல்லாம் தைத்து வைப்பார்கள். ஆனால் ஓட்டுகிறவர் தரையில்தானே நிற்கிறார்? எவ்வளவு நுணுக்கமாகக் கட்டினாலும் அந்த ஓரிடத்தில் மாதிரி பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். குவீன் பீ கட்டுகிறவருக்கு மட்டும் அந்தச் சங்கடம் இல்லை. முன் இருக்கையைக் காலியாக விட்டு, பின் இருக்கையில் வானொலியை வைத்தால், பெரியதில் எப்படி இருந்ததோ அப்படியே.

குட் சகோதரர்கள் கதையை அடுத்த பதிவில் விரிவாக எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.